இயந்திரம் இயங்க மறுத்தால்...



வீட்டுத்தோட்டத்துக்குத் தண்ணீர் இறைப்பது பற்றி முன்பு எழுதியிருந்தேன். அதைப் படித்த சகோதரிகள் பலரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். “அக்கா, மெசின் ஸ்டாட் வராவிட்டால் என்ன செய்வது? யாரைப் போய்க் கேட்பது?”

அந்தக் கேள்விக்குப் பின்னால் இருக்கும் சங்கடம் எனக்குத் தெரியும். வீட்டில் ஆண் துணை இல்லை. அவர் வாங்கிவைத்த மெசின் மூலையில் கிடக்கிறது. கராஜுக்குக் கொண்டுபோனால் சொல்வதுதான் விலை. நமக்கு ஒன்றும் தெரியாது என்பது நம் முகத்திலேயே எழுதியிருக்கிறது. நானும் அப்படி நின்றவள்தான். இந்த மாதம் அந்தக் கதையையும், அதிலிருந்து நான் படித்ததையும் சொல்கிறேன்.

எனக்கு நன்றாகத் தெரிந்த மெசின், இருந்து ஓட்டிக்கொண்டே புல் வெட்டும் மெசின். வடக்கிலும் கிழக்கிலும் இருக்கும் சகோதரிகளில் பலர் இதைப் பார்த்திருக்க மாட்டீர்கள். சின்ன உழவு மெசின் போல இருக்கும். நான்கு சில்லு, ஓர் இருக்கை, ஒரு ஸ்டியரிங். வயிற்றுக்குக் கீழே சுழலும் வெட்டுத் தகடுகள். கண்டியைச் சுற்றியுள்ள விடுமுறை வீடுகள், ஹோட்டல்கள் போன்ற இடங்களில் புல்வெளி என்பது கௌரவம். பேராதனைத் தாவரவியல் பூங்காவின் பெரிய புல்வெளியைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். 1821இல் அமைக்கப்பட்ட அந்த 147 ஏக்கர் பூங்காவுக்குப் போகிறவர்கள், மரங்களைப் பார்த்து முடிந்ததும் கால் நீட்டி உட்காருவது புல்லில்தான். அந்த ஆசையைத்தான் சின்ன அளவில் எல்லா ஹோட்டல்காரர்களும் தங்கள் முற்றத்தில் வைத்திருக்கிறார்கள். வெட்டுவதற்கு ஆள் வேண்டும். வெட்டுகிற மெசின் ஓட வேண்டும்.

நான் இந்த வேலைக்கு வந்த கதை

நான் பிறந்தது கண்டிக்குப் பக்கத்துத் தோட்டமொன்றில். 1977 கலவரத்துக்குப் பிறகு எங்கள் குடும்பம் வவுனியாப் பக்கம் போய்க் காடு வெட்டிக் குடியேறியது. அங்கேயே வளர்ந்தேன், கலியாணம் முடித்தேன். 2009இல் எல்லாவற்றையும் இழந்தேன். அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. 2011இல் இரண்டு பிள்ளைகளுடன் கண்டியில் அண்ணாவின் வீட்டுக்கு வந்தேன். அடுத்த வருடம் திகனைப் பக்கம் ஒரு விடுமுறை விடுதியில் சமையலறை வேலை கிடைத்தது. ஆறு மாதத்தில் தோட்ட வேலைக்காரர் நின்றுவிட்டார். “யாராவது மெசின் ஓட்டுவீர்களா?” என்று கேட்டபோது, கூடுதலாகத் தரும் பணத்துக்காகக் கையைத் தூக்கினேன்.

ஓட்டுவது கஷ்டமாக இருக்கவில்லை. ஒரு சனிக்கிழமை அங்கே கலியாணம். வியாழன் காலை சாவியைத் திருப்பினேன். ஒரு சத்தமும் இல்லை. மறுபடி திருப்பினேன். இல்லை. கராஜிலிருந்து ஓர் ஆளைக் கூப்பிட்டோம். “ஸ்டாட்டர் மோட்டார் முடிஞ்சுது” என்று சொல்லிக் கழற்றிக்கொண்டு போனார். புதியது போட 14,000 ரூபா. “நீ ஓட்டித்தானே கெடுத்தாய்” என்று அதில் பாதியை என் சம்பளத்தில் வெட்டினார்கள். இரண்டு கிழமை ஓடியது. பிறகு அதே மாதிரி மௌனம்.

அப்போதுதான் அந்த வயதான சிங்கள பாஸ் வந்தார். வந்தவர் மெசினைத் தொடவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டார்.

“நங்கி, சாவியைத் திருப்பினதும் என்ன சத்தம்?”

“ஒண்டுமில்லை பாஸ்.”

“டிக் எண்டு கூட இல்லையா?”

“இல்லை.”

“அப்ப ஸ்டாட்டருக்குக் கரண்டே போகல்ல. போகாத கரண்டுக்கு ஸ்டாட்டர் என்ன செய்யும்?”

குனிந்து பிரேக் மிதிக்குக் கீழே கையை விட்டார். அங்கே கட்டைவிரல் அளவில் ஒரு சுவிட்ச். அதைச் சுற்றி வெட்டிய புல் ஈரத்தோடு அடைந்து கல் மாதிரி இறுகிப் போயிருந்தது. மிதியை அமுக்கினாலும் சுவிட்ச் அமுங்க இடமில்லை. பழைய பல்துலக்கியால் சுரண்டி எடுத்தார். சாவியைத் திருப்பச் சொன்னார். மெசின் பாய்ந்து ஓடியது.

ஸ்டாட்டர் மாற்றியபோது மெசினைக் கழுவியதில் அந்தப் புல் தற்செயலாகப் போயிருக்க வேண்டும். அதனால்தான் இரண்டு கிழமை ஓடியிருக்கிறது. என் அரைச் சம்பளம் ஒரு பிடி புல்லுக்குப் போனது.

அன்று அழவில்லை. “பாஸ், எனக்குப் படிப்பித்துத் தாருங்கள்” என்றேன். அவர் சொன்ன முதல் பாடம், “கலபல வென்ன எப்பா.” பதறாதே என்று அர்த்தம். இரண்டாவது பாடம், மெசின் என்ன சத்தம் போடுகிறது என்று கேள். நோயாளி சொல்வதைக் கேட்காமல் மருந்து எழுதலாமா?

முதலாவது: சத்தமே இல்லை

சாவியைத் திருப்பினால் எதுவும் நடக்கவில்லை என்றால், செலவில்லாத இடத்திலிருந்து தொடங்குங்கள்.

இந்த வகை மெசின், ஓட்டுபவர் பத்திரமாக இருந்தால் மட்டுமே ஸ்டாட் ஆகும்படி செய்யப்பட்டது. பொதுவாக மூன்று சுவிட்சுகள் காவல் நிற்கும். பிரேக் மிதி முழுதாக அமுங்கியிருக்க வேண்டும். வெட்டுத் தகட்டை ஓட்டும் நெம்பு நிறுத்தத்தில் இருக்க வேண்டும். இருக்கையில் ஆள் இருக்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் பல மெசின்களில் ஸ்டாட்டருக்குக் கரண்டு போகாது. ஆகவே முதலில் ஒழுங்காக ஏறி உட்காருங்கள். நெம்பை ஒருமுறை போட்டு எடுங்கள். மிதியை அடிவரை அமுக்குங்கள். பிறகு சாவியைத் திருப்புங்கள். பாதி நாள் இதோடு பிரச்சினை தீர்ந்துவிடும்.

தீராவிட்டால் சாவியைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, அந்தச் சுவிட்சுகளைச் சுற்றிப் புல், மண், குளவிக்கூடு இருக்கிறதா என்று பாருங்கள். வயர் கழன்றிருக்கிறதா? எலி கடித்திருக்கிறதா? கண்டி மழைக்கு எலிக்கும் ஒதுங்க இடம் வேண்டும். எஞ்சின் மூடிக்குக் கீழே அது நன்றாகவே குடித்தனம் நடத்தும்.

அடுத்தது பியூஸ். அதற்குள் ஓடும் மெல்லிய கம்பி அறுந்திருந்தால் அதே அம்பியர் எழுதியிருக்கும் பியூஸ் ஒன்றைப் போடுங்கள். சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால், எங்கோ இருக்கும் கோளாறு அந்தத் தாளில் நிற்காமல் வயரை எரிக்கும். பெற்றோல் தாங்கி பக்கத்தில்தான் இருக்கிறது என்பதை மறக்காதீர்கள். புதிய பியூஸும் உடனே எரிந்துவிட்டால் எங்கோ வயர் உரசுகிறது. அது பாஸின் வேலை.

இரண்டாவது: ‘டிக்’ சத்தம் மட்டும்

டிக்-டிக்-டிக் என்று வேகமாக அடித்தால் பெரும்பாலும் பற்றறியில் வலு இல்லை. 12 வோல்ட் பற்றறியை ஒரு சாதாரண மீற்றரால் அளந்து பாருங்கள். ஓடாமல் ஓய்வில் இருக்கும்போது 12.6 காட்டினால் நிறைவு. 12.2 என்றால் பாதி. 12க்குக் கீழே போனால் சார்ஜ் ஏற்ற வேண்டும். அளக்கும் மீற்றர் விலை கூடியதல்ல. ஐந்தாறு பேர் சேர்ந்து ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

பற்றறி நன்றாக இருந்தும் ஓடாவிட்டால் அதன் முனைகளைப் பாருங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்துப்போயிருக்கும். கழற்றும்போது கழித்தல் முனையை முதலில் கழற்ற வேண்டும். மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்ட வேண்டும். இந்த ஒழுங்கை மாற்றினால் சாவி தகரத்தில் பட்டுப் பொறி பறக்கும். பற்றறியிலிருந்து வரும் வாயு தீப்பற்றக்கூடியது. அப்பச்சோடாவை வெந்நீரில் கரைத்துப் பழைய பல்துலக்கியால் தேய்த்தால் பூஞ்சணம் நுரைத்துக் கழன்றுவிடும். அந்தத் தண்ணீர் பற்றறிக்கு உள்ளே போகக்கூடாது. துடைத்துக் காயவிட்டு இறுக்கிப் பூட்டி, மேலே கொஞ்சம் வாசிலின் தடவுங்கள். கண்ணில் அமிலம் தெறித்தால் நிறையத் தண்ணீரால் கழுவிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கழித்தல் முனையிலிருந்து போகும் தடித்த வயரின் மறுமுனையையும் பாருங்கள். மெசினின் உடலில் ஓர் ஆணியில் பூட்டியிருக்கும். மழை பிரதேசத்தில் அங்கே துரு பிடிக்கும். சாண்ட் பேப்பரால் தேய்த்து இறுக்கினால் போதும். இப்படி ‘செத்துப்போன’ எத்தனையோ பற்றறிகளை நான் எழுப்பியிருக்கிறேன்.

ஒரே ஒரு பலத்த ‘டக்’ கேட்டு நின்றால், ஸ்டாட்டருக்குக் கரண்டை அனுப்பும் சொலனோயிட் அல்லது ஸ்டாட்டரில் கோளாறு இருக்கலாம். கராஜில் சிலர் ஸ்குரூ டிரைவரைக் குறுக்கே வைத்துப் பொறி பறக்க ஸ்டாட் செய்வார்கள். நீங்கள் செய்யவேண்டாம். அப்படிச் செய்தால் மூன்று காவல்காரர்களும் பார்த்துக்கொண்டிருக்க மெசின் தானாக நகரும்.

எஞ்சின் அரைச் சுற்றுச் சுற்றி முட்டி நின்றால் எண்ணெய்க் குச்சியை எடுத்துப் பாருங்கள். எண்ணெய் அளவுக்கு மேல் ஏறி, பெற்றோல் வாசமும் அடித்தால், காபரேட்டரிலிருந்து பெற்றோல் எஞ்சினுக்குள் கசிந்திருக்கிறது. மேற்கொண்டு சுற்றாமல் பாஸைக் கூப்பிடுங்கள். எண்ணெய் சரியாக இருந்தால் வால்வு இடைவெளி சரிசெய்ய வேண்டியிருக்கலாம். அதுவும் அவர் வேலைதான்.

மூன்றாவது: சுற்றுகிறது, பற்றவில்லை

ஸ்டாட்டர் நன்றாகச் சுற்றியும் எஞ்சின் பற்றாவிட்டால் கரண்டு, பற்றறி எல்லாம் சரி. இனி அடுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். விறகு, காற்று, தீக்குச்சி. எஞ்சினுக்குப் பெற்றோல், காற்று, பிளக்கின் பொறி. ஈர விறகில் அடுப்பு மூட்டியவர்களுக்கு இதைச் சொல்லித் தரவேண்டியதில்லை.

ஒரு முக்கியமான விஷயம். 5 விநாடிக்கு மேல் தொடர்ந்து சுற்றாதீர்கள். ஒரு நிமிடம் விட்டு மறுபடி முயலுங்கள். இல்லாவிட்டால் நல்ல ஸ்டாட்டர் உண்மையிலேயே எரிந்துபோகும்.

முதலில் பெற்றோல். தாங்கியில் இருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், நானே இரண்டு தடவை வெறுந் தாங்கியோடு போராடியிருக்கிறேன். இருந்தால், எத்தனை நாள் பழையது? பெற்றோல் ஒரு மாதத்துக்குப் பிறகு வலு குறையத் தொடங்கும். சில மாதத்தில் பிசினாகிக் காபரேட்டரின் ஊசித்துளைகளை அடைத்துவிடும். கண்டியில் தை, மாசி, பங்குனி காய்ச்சலில் புல் வளராது. மெசின் சும்மா நிற்கும். சித்திரை மழையோடு புல் எழும்பும், அப்போதுதான் மெசின் படுக்கும். 2022இல் எரிபொருளுக்கு நாள் கணக்கில் வரிசையில் நின்றோமே, அப்போது கிடைத்ததைக் கானில் ஒளித்துவைத்தவர்களில் நானும் ஒருத்தி. அந்தப் பெற்றோலை மாதக் கணக்கில் பொத்திவைத்துப் பிறகு ஊற்றினேன். காபரேட்டர் கழற்றிக் கழுவியதுதான் மிச்சம்.

பெற்றோலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்க, கொஞ்சத்தைக் கண்ணாடிப் போத்தலில் எடுத்து அசையாமல் வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகப் படியும். இதை எஞ்சின் ஆறிய பிறகு, வெளியில், அடுப்பும் விளக்கும் இல்லாத இடத்தில் மட்டும் செய்யுங்கள்.

தாங்கியின் மூடியில் காற்றுப் போக ஒரு சிறு துளை இருக்கும். அது அடைபட்டால் பெற்றோல் இறங்காது. கால் மணி நேரம் ஓடி நின்று, கொஞ்சம் பொறுத்து மறுபடி ஓடும் மெசினுக்கு இந்த வியாதியாக இருக்கலாம். மூடியைச் சற்றுத் தளர்த்தி ஸ்டாட் பண்ணிப் பாருங்கள். ஓடினால் துளையைச் சுத்தம் செய்யுங்கள். ஒருமுறை ஒரு குளவி அந்தத் துளையில் மண் பூசி, என்னை ஒரு கிழமை ஆட்டிவைத்தது. பெற்றோல் வடியும் சிறு வடிகட்டி கறுத்திருந்தால் மாற்றுங்கள்.

அடுத்தது காற்று. காற்று வடிகட்டி கடதாசி என்றால் மெல்லத் தட்டித் தூசி போக்குங்கள். கழுவக்கூடாது. பஞ்சு என்றால் சவர்க்காரத் தண்ணீரில் கழுவிக் காயவைத்து, சில துளி எஞ்சின் எண்ணெய் விட்டுப் பிசைந்து போடுங்கள். காலையில் குளிர்ந்த எஞ்சினுக்குச் சோக் இழுக்க வேண்டும். சூடான எஞ்சினுக்கு வேண்டாம்.

கடைசியாகப் பிளக். கழற்றிப் பாருங்கள், அதன் நிறமே நோயைச் சொல்லும். இளம் மண்ணிறம் என்றால் சுகம். கறுத்துக் கரி பிடித்திருந்தால் காற்று போதவில்லை, அல்லது சோக் அடைந்தே இருக்கிறது. ஈரமாக இருந்தால் பெற்றோல் வருகிறது, எரியவில்லை. பலமுறை சுற்றியும் காய்ந்தே இருந்தால் பெற்றோல் வந்து சேரவில்லை. ஈரமென்றால் துடைத்துப் போட்டு, சோக்கைத் திறந்து, கால் மணி நேரம் விட்டு முயலுங்கள். முனைகளின் இடைவெளி பெரும்பாலான சிறு எஞ்சின்களில் 0.7 முதல் 0.8 மில்லிமீற்றர். சந்தேகமென்றால் புதிய பிளக் ஒன்று போட்டுப் பாருங்கள். சோதனைகளில் இலகுவானது அதுதான்.

இங்கே ஒரு பழைய ஞாபகம். 1990களில் பொருளாதாரத் தடையின்போது நாம் எல்லோரும் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிளும் தண்ணீர் மெசினும் ஓட்டினோம். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது, அதனால் பற்றாது. தங்கம் போலப் பொத்திவைத்த பெற்றோலில் சில சொட்டு விட்டு ஸ்டாட் பண்ணினால், சூடேறியபின் மண்ணெண்ணெயே எரியும். எங்கள் வயலில் கயிறு இழுத்தவர் அவர். சொட்டு விட்டவள் நான். பாஸ் இந்தப் பாடத்தைச் சொல்லித்தந்தபோது, இதில் பாதி எனக்கு முன்பே தெரியும் என்பது அன்றுதான் தெரிந்தது. உங்களில் பலருக்கும் தெரியும். ஆனால் அந்தச் சொட்டு விடும் வேலையை இன்று செய்யவேண்டாம். காபரேட்டர் வாயிலிருந்து தீ திருப்பி அடித்து முகம் வெந்தவர்கள் உண்டு. அன்று நமக்கு வேறு வழி இருக்கவில்லை. இன்று இருக்கிறது.

அந்த ‘டமார்’ சத்தம்

இதைச் சிலர் வெளியே சொல்லமாட்டார்கள். நான் சொல்கிறேன். முதல் வருடம் ஒருநாள், பற்றாத மெசினைத் திரும்பத் திரும்பச் சுற்றிக்கொண்டிருந்தேன். திடீரென்று ‘டமார்’ என்று வெடித்தது. எப்போது இறங்கினேன், எப்படி விழுந்தேன் என்று தெரியாது. சுயநினைவு வந்தபோது தலையைக் கைகளால் மூடிக்கொண்டு புல்லில் குப்புறக் கிடந்தேன். வாயில் மண். பிள்ளைகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேனாம்.

பாஸ் சிரிக்கவில்லை. பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்து, நான் எழும்பும்வரை பேசாமல் இருந்தார். தேத்தண்ணீர் குடித்த பிறகு புகைக்குழாயைக் காட்டி விளக்கினார். பற்றாத எஞ்சினைச் சுற்றச் சுற்ற, எரியாத பெற்றோல் ஆவி புகைக்குழாயில் சேர்ந்துவிடும். கடைசியில் எஞ்சின் பற்றும்போது அது மொத்தமாக வெடிக்கும். சூடாக வேகமாக ஓடும் எஞ்சினைச் சட்டென்று நிறுத்தினாலும் சில மெசின்களில் இது நடக்கும். ஆகவே இரண்டு மூன்று தடவைக்கு மேல் சுற்றாமல் நிறுத்திக் காரணம் தேடுங்கள். ஓடி முடிந்ததும், மெசினின் புத்தகம் வேறு விதமாகச் சொல்லாவிட்டால், வேகத்தைக் குறைத்து அரை நிமிடம் விட்டுச் சாவியைத் திருப்புங்கள்.

காரணம் தெரிந்ததால் பயம் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். இப்போதும் நெஞ்சு ஒருமுறை அடித்துக்கொள்ளும். ஆனால் ஓடுவதில்லை. உங்களுக்கும் அப்படி நடந்தால் வெட்கப்படாதீர்கள். கூட வேலை செய்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

காவல்காரரைக் கட்டிப்போடாதீர்கள்

எனக்கு முன் வேலை செய்தவர் இருக்கைக்குக் கீழே இரண்டு வயரைச் சேர்த்து முறுக்கிவைத்திருந்தார். ஆள் இறங்கினாலும் மெசின் நிற்காது. பாஸ் அதைக் கண்டதும், “முதலில் இதை அவிழ்ப்போம், பிறகு மற்றது” என்றார். அவிழ்த்துச் சரியாகப் பூட்டியதும் புதுப் பிரச்சினை. மேடு பள்ளத்தில் நான் சற்று எழும்பினாலே எஞ்சின் நின்றுவிடும். என் எடை அந்த இருக்கைக்குப் போதவில்லை. மெலிந்த பெண்களுக்கு இது வரும். வயரை முறுக்குவது இதற்கு மருந்தல்ல. இருக்கையின் சுருள்கம்பியைத் தளர்த்தலாம். இருக்கையை முன்னுக்குத் தள்ளினால் கால் எட்டும், எழும்ப வேண்டிவராது. மெதுவாக ஓட்டலாம்.

சாவியை நிறுத்திய பின்னும் தகடு சில விநாடி சுழலும். அதற்குள் கையையோ காலையோ கீழே விடக்கூடாது. பிள்ளையை மடியில் வைத்து ஓட்டவேகூடாது. கண்டி முழுதும் சரிவு. இருந்து ஓட்டும் மெசினைச் சரிவில் மேலும் கீழுமாகத்தான் ஓட்ட வேண்டும், குறுக்கே ஓட்டினால் புரளும். செங்குத்தான இடத்துக்குப் போகவே வேண்டாம். ஒரு காலை இழப்பது என்றால் என்னவென்று நம்மில் யாருக்கும் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

பாஸிடம் போகும்போது

எல்லாம் நாமே செய்ய முடியாது. ஆனால் போகும்போது தெரிந்தவளாகப் போகலாம். ஒரு கொப்பியில் எழுதுங்கள். என்ன சத்தம், சூட்டிலா குளிரிலா, பெற்றோல் எப்போது ஊற்றியது, நீங்கள் எதையெல்லாம் பார்த்தீர்கள். “பற்றறி 12.6 இருக்கிறது, பிளக் காய்ந்திருக்கிறது” என்று ஒரு பெண் சொன்னால், அவளிடம் ஸ்டாட்டர் விற்க யோசிப்பார்கள். வேலை தொடங்க முன் செலவைக் கேளுங்கள். மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் கேட்டு வாங்குங்கள். இதைக் கேட்பது அவமரியாதை அல்ல, நம் காசு.

இதெல்லாம் புல் வெட்டும் மெசினுக்கு மட்டுமல்ல. கயிறு இழுக்கும் பெற்றோல் தண்ணீர் மெசினுக்கும், தோளில் மாட்டும் புல் மெசினுக்கும் மூன்றாவது பகுதி பெரும்பாலும் அப்படியே பொருந்தும். ஆனால் உங்களிடம் உள்ளது டீசல் இரண்டு சில்லு உழவு மெசின் என்றால் அதில் பிளக் இல்லை. அங்கே டீசல் குழாய்க்குள் காற்றுப் புகுந்திருக்கிறதா என்று பார்ப்பதுதான் முதல் வேலை. அதை இன்னொரு மாதம் விரிவாக எழுதுகிறேன்.

இப்போது நான் மூன்று இடங்களில் ஒப்பந்தத்துக்குப் புல் வெட்டுகிறேன். பாஸுக்கு வயதாகிக் கண் மங்கிவிட்டது. சில நாட்களில் நான் அவர் வீட்டுக்குப் போய், மெசின் போட்ட சத்தத்தைச் சொல்வேன். அவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, “நீ என்ன நினைக்கிறாய், நங்கி?” என்பார். நான் சொல்வேன். தலையாட்டுவார்.

சகோதரிகளே, மூலையில் கிடக்கும் உங்கள் மெசினின் தூசியைத் தட்டுங்கள். பிளக்கைக் கழற்றி நிறத்தைப் பாருங்கள். என்ன நிறம் என்று எனக்கு எழுதுங்கள்.

அடுத்த மாதம் சந்திப்போம்.